சூட்டில் வைக்காத போல்ட்

தேத்தண்ணிக்கு இந்தச் சீனி போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. இனிப்பு எனக்கு ஒத்துவராது.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு அப்பா கல்லடியில் கட்டிய வீட்டுக்கு நானும் கல் சுமந்தேன். தங்கச்சி அஞ்சலாவுக்குக் கலியாணமானதும் அவள் புருஷன் இராயப்பு அங்கே குடிவந்தான். கலியாணம் கட்டாத நான் வாவிக்கரையில் என் இரும்புப் பட்டறையில் படுத்தேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. அவன் அவளுக்கு அடித்தான், அதுதான் பொறுக்கவில்லை. ஒருநாள் அவள் கன்னம் வீங்கியிருந்தது. பல்லுக்குத்து என்றாள். பெண்கள் அப்படித்தான் மறைப்பார்கள்.

இராயப்புவுக்குத் தோணி திருத்தும் வேலை. எந்திரத் தோணியைச் சங்கிலியில் தூக்கி, அடியில் படுத்துத் திருத்துவான். சங்கிலியைத் தாங்கும் போல்ட்டை நான்தான் பழைய லொறி அச்சில் கடைந்து, காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்கிக் கொடுப்பேன். தோய்த்தால் மேலே கரும்படலம் படியும். அதைப் போக்க அமிலத்தில் போட்டால் ஐதரசன் வாயு உருக்குக்குள் புகுந்துவிடும். பிறகு மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடக்கவிட வேண்டும். அப்போது வாயு வந்த வழியே போய்விடும். அப்படிச் சூட்டில் விடாவிட்டால் போல்ட் பளபளவென்றிருக்கும், பாரமும் தாங்கும். சில மணி நேரம் கழித்துத் திடீரென்று முறியும். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தபோது படித்தது இது.

இந்த முறை அமிலத்தில் நன்றாக ஊறவிட்டேன். சூட்டில் வைக்கவில்லை.

வழமையாக அவன் தோணிக்கு மரமுட்டுக் கொடுத்த பிறகுதான் அடியில் போவான். அன்று தோணியைத் தூக்கிய கையோடு நானே அடியில் படுத்துக் காட்டினேன். பாரம் ஏறிய உடனே முறியாதென்று எனக்குத் தெரியும்.

"முட்டு வேணாமா, மச்சான்?" என்றான்.

"நானே படுத்தெழும்பிட்டன். மறுகா உனக்கென்ன பயம்?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

மத்தியானம் அஞ்சலா சோறு கொண்டுவந்தாள். அவன் கையெல்லாம் கிறீஸ். அவள் குனிந்து உள்ளே போய், பக்கத்தில் இருந்து ஊட்டினாள். அவளை வெளியே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவனும் எழும்பி வந்துவிடுவான். நான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முறிந்த சத்தம் சின்னதுதான். அவன் நெஞ்சு நசுங்கிற்று. அவளுடைய கால் கொஞ்சநேரம் மணலை உதைத்தது. பிறகு நின்றது.

எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன், ஐயா. தங்கச்சிக்கு அடிக்கிறவனை எந்த அண்ணன் விடுவான்?

அஞ்சலாவிடமிருந்து எடுத்த வீட்டுச் சாவி உங்கள் மேசையில் இருக்கிறது, வந்தவுடனேயே கண்டேன். மாரிக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். இனி அதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.