வெட்டிய ரோசாவை வாழவைத்த சண்முகவடிவு

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர், நோர்வூட் கடைவீதி முனாப் முதலாளி அவர்களே! மேடைப் பெரியோர்களே! தோட்டத்து மேற்கணக்கு லயங்களிலிருந்து மழையில் நனைந்து வந்த தாய்மார்களே! தோட்டத் தலைவன் மூக்கனின் கும்பிடு.

என் அக்காள் மகள், துரை பங்களாப் பூந்தோட்டத்தை ஆண்ட 'மலர்ச்செல்வி' சண்முகவடிவு போய்விட்டார். பட்டம் யார் கொடுத்தது என்கிறீர்களா? நான்தான், இப்போதுதான். உயிரோடு இருந்தபோது யார் கொடுத்தோம்?

ரோசா வெட்டத் தெரிந்தவர் ஆயிரம் பேர். வெட்டிய ரோசாவை வாழவைக்கத் தெரிந்தவர் யார்? வெயில் ஏறுமுன் அரைமொட்டில் வெட்டுவார். காம்பைச் சாய்வாகச் சீவி அந்தக் கணமே வாளித் தண்ணீரில் நிறுத்துவார். பொழுது சாயும்வரை நிழலில் அது குடிக்கும். பிறகு இதழில் துளி ஈரமில்லாமல், காம்பு நுனிக்கு மட்டும் ஈரத்துணி சுற்றிப் பெட்டியில் அடுக்குவார். அட்டனில் ரயிலேறிய அந்தப் பூ கொழும்புக் கடையில் இருபது நாள் சிரித்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். இன்று கூட்டிச் சொல்லத் தெம்பில்லை. ஏழு நாள். ஏழு நாள் போதாதா, ஐயா!

போன வாரம் அவர் காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெட்டி கட்டியது அவர் கூட்டாளி ராக்காயி. கொழும்பில் திறந்தால், பூவெல்லாம் பூஞ்சணம் பிடித்து அழுகல்! நாளையோடு ராக்காயியை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டார் துரை.

வடிவு கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தார்.

"மாமா, தண்ணி தெளிச்சீங்களா?"

"லேசா, தாயி. கோயில் மாலைக்குத் தெளிக்கிற மாதிரி."

"எத்தன தடவ சொன்னேன்! பூவுக்கு வாய் காம்புல இருக்கு. மூஞ்சில ஊத்தி மூடிப்புட்டா மூச்சு முட்டாதா?" சிரித்தார், இருமினார். "ராக்காயி பாவம். தொரைகிட்ட உண்மையச் சொல்லிருங்க மாமா."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நாளைக்கு அவர் இல்லை.

சபையோர்களே! மூடப்போன பெட்டியில் தண்ணீர் தெளித்தவன் நான். "வேணாங்க தலைவரே" என்று ராக்காயி கையைப் பிடித்தாள். "போ புள்ள, எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். அதை அவள் துரையிடம் சொன்னபோது, பொய் என்றேன். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

இங்கிருந்து நேரே பங்களாவுக்குப் போகிறேன். துரை ஏசட்டும். சண்முகவடிவு செய்த வேலை நிற்காது. இது நான் உங்கள் முன் கொடுக்கும் வாக்கு. பூப்பெட்டியை அட்டனுக்கு ஏற்றிப்போக முனாப் முதலாளியின் லொறி வெளியே காத்திருக்கிறது. இன்றைய பூ காலையிலிருந்து குடித்துவிட்டது.

ராக்காயி, எழுந்திரு தாயி. நீ போய்ப் பெட்டியைக் கட்டு. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

ஐயா, அம்மா, அவளுக்குக் கொஞ்சம் வழி விடுங்கள்.