முப்பத்திரெண்டாவது டப்பா

— அங்கிட்டுப் போகாதீங்க சிவப்பிரகாஷ், அது பள்ளம். உங்க போன் காக்கா பறக்குற வழியக் காட்டுது. நமக்கு ரெண்டு காலுதான் இருக்கு.

— இருநூத்திப்பத்து மீட்டருன்னு காட்டுதுங்களே வனிதா.

— காட்டும். அதுல பாதி செங்குத்தாக் கீழ கெடக்கு. தேயிலைச் செடி ஊடால வாங்க. எங்கம்மா முப்பத்தஞ்சு வருசம் கொளுந்துச் சாக்கத் தலையில வச்சு ஏறுன வழி இது. போனுக்கு என்ன தெரியும்?

— சரிங்க, நீங்க முன்னால போங்க. ஐயோ! ஏனுங்க, கால்ல அட்டைங்க!

— அட்டைக்குமா ‘ங்க’ போடுவீங்க?

— பாலக்காட்டுக்குக் கெழக்கால பொறந்தா அப்படித்தானுங்க. எங்கூட்ல எருதைக்கூட ‘நகருங்க சாமி’ன்னுதான் ஓட்டுவோம்.

— இழுக்காதீங்க, தோலு பிஞ்சுரும். இந்தாங்க உப்பு. தேவிகுளத்துல பஸ் எறங்குனப்பவே பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகச் சொன்னேன்ல? கேட்டாத்தானே. கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில மிஷின் சத்தத்துக்குள்ள பத்து வருசம் நின்னா காது இப்படித்தான் ஆகும்.

— காது நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க கொலுசுச் சத்தம் மூணு மிஷின் தாண்டிக் கேக்கும்.

— லேப்ல நான் கொலுசே போடுறதில்ல.

— அதானுங்க, போடாமயே கேக்கும்.

— ஆத்தாடி, இந்த மலையில மூச்சே வாங்குது, இதுல இவருக்குப் பேச்சு வேற. சரி, திரும்பச் சொல்லுங்க. யாரோ ஒருத்தன் ஒரு டப்பாவக் கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கான். அதத் தேடி நாம மலை ஏறுறோம். கண்டுபிடிச்சா என்ன கெடைக்கும்?

— ஒண்ணும் கெடைக்காதுங்க. உள்ளார சின்ன நோட்டு இருக்கும். நம்ம பேரும் தேதியும் எழுதிப்போட்டு, இருந்த எடத்துலயே வெச்சுட்டு வந்தரோணும். உலகம் பூராவும் இப்படி லச்சக்கணக்குல ஒளிச்சு வெச்சிருக்கறாங்க.

— எழுதிட்டு, திரும்ப வச்சுட்டு வரணும். நல்லாருக்கு. கூலியில்லாத வேலைக்குக்கூட ஆள் கெடைக்குது ஒலகத்துல.

— முப்பத்தியொண்ணு கண்டுபிடிச்சிருக்கறனுங்க.

— பெருமைதான். இங்க இருக்குன்னு யாரு சொன்னா?

— வெளிநாட்டுக்காரர் ஒருத்தரு வெச்சிருக்காருங்க. இருங்க, படிக்கறேன். ‘பனி சூழ்ந்த மலைச்சரிவில் அழகானதொரு பாழடைந்த கட்டடம்.’

— அழகானதா? எங்க, அந்தாளு நம்பரக் குடுங்க. அது கொளுந்தெடுக்கப் போற பொம்பளைக கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற கொட்டகை. நானும் அதுக்குள்ளதான் கெடந்தேன். காலையில பத்து மணிக்குப் பால் குடுக்க எங்கம்மா மேக்காட்டுல இருந்து ஓடி வருவா. பத்து நிமிசம். நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கங்காணி விசில் அடிச்சுருவான். அப்புறம் மண்ணு சரிஞ்சு செவுரு வெடிச்சது, பூட்டிட்டாங்க. அழகாம்.

— சாரிங்க.

— நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க? பையப் போங்க, வழுக்கும்.

— ஏனுங்க வனிதா, நாளைக்குத் திங்கக்கெழமை.

— தெரியும். அதப் பேசத்தான் இம்புட்டு தூரம் கூட்டியாந்தீங்களா?

— இல்லைங்க. ஆமாங்க. பஸ்ஸுலயே பேசோணும்னு நெனச்சனுங்க. பொள்ளாச்சி தாண்டட்டும்னு இருந்தேன், அப்புறம் மறையூரு தாண்டட்டும்னு இருந்தேன். தேவிகுளமே வந்துருச்சு.

— பேச ஒண்ணுமில்ல சிவப்பிரகாஷ். அம்மாவுக்கு அம்பத்தெட்டு முடிஞ்சுருச்சு. வீட்டுல ஒரு ஆளாவது எஸ்டேட்டு மஸ்டர் ஆபீசுல பேர் குடுத்து வேலையில நிக்கணும். இல்லேன்னா மாசக் கடைசியில லைன் வீட்டுச் சாவியக் குடுத்துட்டு வெளிய போகணும். இது ஒண்ணும் புதுச் சட்டமில்ல, எங்க பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தான். நான் ஒத்தப் புள்ள. நாளைக்குப் போய்ப் பேர் குடுக்கப்போறேன்.

— அஞ்சு வருசம் ராத்திரி ராத்திரி படிச்சு லேப்ல உக்காந்தீங்களே.

— உக்காந்தேன். எந்திரிச்சுக்கிறேன்.

— அம்மாவக் கஞ்சிக்கோட்டுக்குக் கூட்டியாந்து நம்ம கூடவே...

— ‘நம்ம’ன்னா யாரு? எங்கம்மா மூக்கம்மாளுக்கு நீங்க இன்னும் என் கூட வேலை செய்யுற ஆளு, அம்புட்டுத்தான். நேரா இன்னும் சொல்லல, நாலு மாசமா ஜாடையாக் கேட்டுப் பாக்குறேன். ‘புள்ளையக் கட்டிக் குடுத்த வீட்டுல உக்காந்து சோறு திங்குறதுக்கு அரளி வெதைய அரைச்சுக் குடிக்கலாம்’ங்கிறா. காலையில உங்களப் பாத்து ஒரு வார்த்தை பேசுனாளா? டீயக் குடுத்தா, திரும்பிக்கிட்டா. புடிக்கலைன்னா அவ அப்படித்தான்.

— டீ இல்லைங்க, கட்டங்காப்பி. நல்லாருந்துச்சு.

— பேச்ச மாத்தாதீங்க. உங்க வீட்டுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? உங்கம்மா காளியாத்தா எல்லாருக்கும் வெள்ளி மாதிரி டம்ளருல மோர் ஊத்துனாங்க. எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. மறுபேச்சில்லாம வாங்கிக் குடிச்சேன். கோவம்கூட வரல. பேப்பர் கப்பாச்சும் புதுசுன்னு நெனச்சேன்.

— அன்னைக்கு நானும் பாத்தனுங்க.

— பாத்தீங்க, பேசாம இருந்தீங்க.

— ஆமாங்க. பேசாமத்தான் இருந்தேன். அன்னைக்கு ராத்திரி கடைவீதியில போயி அம்பது பேப்பர் கப்பு வாங்கிட்டு வந்தனுங்க. ஒண்ணர வருசமாச்சு. எங்கூட்ல தண்ணியோ காப்பியோ மோரோ, எனக்கு அதுலதானுங்க. எங்கம்மா அழுதுபோட்டாங்க. எங்கண்ணன் கிறுக்கன்னான். கப்பு தீந்தா அம்மாவே இப்ப வாங்கி வெச்சர்றாங்க.

— இத ஏன் எங்கிட்டச் சொல்லல?

— சொல்றதுக்கு என்னங்க இருக்குது. கப்புல குடிச்சா ஞாயம் வந்துருமா?

— ...கொட்டகை வந்துருச்சு. தகரத்தையெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டானுக பாருங்க. அந்தா, உத்தரத்துல வளையம் தெரியுதா? அதுலதான் தூளி கட்டுவாக. எங்க அந்த டப்பா?

— நீங்க தேடுங்களேன்.

— நீங்கதானே முப்பத்தியொண்ணு தேடுன ஆளு?

— இதை நீங்க எடுக்கோணும்னு ஆசைங்க. பின்னால தண்ணித் தொட்டிகிட்டப் பாருங்க.

— தொட்டிக்குக் கீழயா? கல்லு அடுக்கி வச்சிருக்கு. பாம்பு கீம்பு இருந்துச்சுன்னா உங்களத்தான் எறக்குவேன். இந்தா, இருக்கு! பச்சை டப்பா. டிபன் டப்பா மாதிரில்ல இருக்கு. பென்சிலு, ஒரு பொம்மைக் காரு, நோட்டு. மொத்தம் ஒம்பது பேருதான் எழுதிருக்காக. கடைசியா ஒரு ஆளு, இந்த மாசம்தான். பதினோராம் தேதி, செவ்வாய்க்கெழமை. சிவப்பிரகாஷ், கஞ்சிக்கோடு.

— நோட்ட இங்க குடுங்க வனிதா, நம்ம பேர நானே எழுதறேன்.

— ஏன்யா, இது உங்க கையெழுத்துல்ல? செவ்வாய்க்கெழமை தோட்டத்து மோட்டார் ரிப்பேருன்னு லீவு போட்டீங்க. இங்க எங்க வந்தீங்க?

— டப்பாவத் தொறந்தா பேரு எழுதாம மூடக்கூடாதுங்க. அது ஒரு கட்டுப்பாடு.

— கட்டுப்பாட்ட யாரு கேட்டா? எதுக்கு வந்தீங்க?

— மஸ்டர் ஆபீசுக்குங்க. கிளார்க்கு சாப்பிடப் போயிட்டாரு, ரெண்டு மணிக்கு வரச்சொன்னாங்க. போனப் பாத்தா பக்கத்துலயே டப்பா காட்டுச்சு. சும்மா நிக்கறதுக்கு ரோட்டு வழியாச் சுத்தி ஏறிப் பாக்கலாம்னு வந்தனுங்க. முப்பத்தியொண்ணுன்னது பொய்யி. இதோட முப்பத்திரெண்டு.

— மஸ்டர் ஆபீசுல உங்களுக்கு என்ன வேலை?

— பேர் குடுத்தனுங்க. என்ற பேர.

— என்ன?

— செடி கவாத்து வெட்ட, மருந்தடிக்க. ஒண்ணாந்தேதி வரச்சொல்லியிருக்காங்க. லைன் வீட்டுச் சாவி அம்மாகிட்டயே இருக்கும். நீங்க லேப்லயே இருங்க. சனிக்கெழமையானா பஸ் ஏறி வாங்க.

— உங்களுக்குப் பைத்தியமா? பத்து வருச வேலைய விட்டுட்டு? ஒரு எட்டு ஏறுனதுக்கே அட்டையப் பாத்து அலறுனீங்க. கவாத்துக் கத்தி புடிச்சிருக்கீங்களா? மழையில நின்னா காலு ரெண்டும் வெந்துரும்யா.

— பதிமூணு வயசுல இருந்து கரும்பு வெட்டுன கைங்க. அட்டைதான் புதுசு. பழகிக்கறேன்.

— கல்யாணம் பண்ணி நீங்க மலையில, நான் கீழயா?

— எங்க சித்தப்பன் லாரி ஓட்டறாரு, மாசத்துல மூணு நாளுதான் ஊடு தங்குவாரு. நாலு கொழந்தைங்க.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— கேக்கலைங்க. தப்புத்தான். கேட்டா வேண்டாம்பீங்கன்னு பயம். இப்பக் கேக்கறேன். வேண்டாம்னு சொல்லுங்க, நாளைக்குக் காலையில நானே போயி பேர எடுத்தர்றேன். ஏனுங்க, அழுவாதீங்க வனிதா. நோட்டு நனையுது.

— நனையட்டும். நடக்குற கதையப் பேசுங்க. எஸ்டேட்டுல வெளியாளு பேர அவுக எழுதவே மாட்டாக. அந்தக் குடும்பத்து ஆளா இருக்கணும். ரிட்டயர் ஆகுறவங்க வந்து கைநாட்டு வைக்கணும். யாரோ உங்கள நல்லா ஏமாத்திருக்காக.

— அதத்தானுங்க கிளார்க்கும் கேட்டாரு, ‘இவரு உனக்கு என்ன முறை மூக்கம்மா?’ன்னு. நான் தலையக் குனிஞ்சுட்டேன். உங்கம்மா கட்டவெரல மசியில தோச்சுக்கிட்டே சொன்னாங்க, ‘மருமகன்னு எழுதுய்யா. எம்மககிட்ட மட்டும் இப்பச் சொல்லிராத, அவளே தானா வந்து சொல்லட்டும்.’