ஒன்பது வினாடி

என் வான் வண்டியின் ஹீட்டர் சூடாக ஏழு நிமிடம் எடுக்கும். அதனால் குளிர்காலத்தில் எங்கே போவதென்றாலும் சமையலறையில் நின்றபடியே ரிமோட்டை அமத்தி, முன்கூட்டியே ஸ்ராட் செய்துவிடுவேன். இங்கே மல்வேர்னில் எல்லோரும் செய்வதுதான்.

தமிழில் எழுதலாம் என்று சொன்னதற்கு நன்றி, ஒபிசர். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும். இதற்குப் போதாது. நீங்கள் ரெக்கோட்டைக் கேட்டுவிட்டீர்கள். பதினாறாவது நிமிடத்தில் ஒன்பது வினாடி வெறுமையாக இருக்கிறது, அங்கே என்ன இருந்தது என்று கேட்டீர்கள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். ஒழுங்காகப் போனால்தான் எனக்கு எழுத வரும்.

இக்னேசியஸ் அண்ணை மன்னாரிலிருந்து கப்பலில் வேலைக்குப் போனவர். எழுபத்தாறில் ரொறொன்ரோவில் இறங்கினார். அன்றிலிருந்து நாற்பத்தெட்டு வருடம் இந்த நகரத்தின் பார்களில் கிற்றாரில் புளூஸ் வாசித்தார். மேடையில் அவரைக் கண்டு சிரித்தவர்கள் இரண்டாவது பாட்டில் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிடுவார்கள். நானும் அப்படி வைத்தவன்தான். எண்பத்தொன்பதிலிருந்து அவருடைய சவுண்ட் வேலை என்னுடையது. வானும் என்னுடையது. அவர் வாசித்தது எல்லாவற்றையும் நான் பதிவு செய்தேன். நானூற்றுப் பன்னிரண்டு இரவுகள். ஒன்றையும் அழிக்கவில்லை.

ஒவ்வொரு பதிவிலும் ஒரு சிட்டை ஒட்டுவேன். திகதி, இடம், நீளம், பிழை. பிழை என்றால் அவர் தவறவிட்ட சுரங்கள். வீட்டுக்கு வந்து, கேட்டு, எண்ணி எழுதுவேன்.

"பாவசங்கீர்த்தனம் கேக்கிற பாதர் மாதிரி நீ என்ர பிழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்," என்று அவர் பகிடி பண்ணுவார். "பாதர் எண்டாலும் கேட்டிட்டு மறந்திடுவார்."

போன வருடம் ஜூனில் ஒஷாவாவில் வாசித்தார். ஐம்பத்திரண்டு நிமிடம். பிழை பூச்சியம். அப்படி ஒன்று அதற்கு முன்னர் இருந்ததில்லை. அதற்குப் பிறகு மூன்று. பிறகு ஏழு. நவம்பரில் பத்தொன்பது. அவருக்கு எழுபத்தைந்து வயது முடிந்திருந்தது. விரல்கள் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாராட்டு விழா வந்தது. ஸ்காபரோவில் ஒரு சேர்ச் மண்டபம், மார்ச் மாதம் எட்டாம் திகதி, அறுநூறு கதிரை. யூஜினி அன்ரிதான் விழாக் குழுவின் தலைவி. முதல் கூட்டங்கள் என் வீட்டில் நடந்தன.

"அண்ணை, உங்களுக்குப் பொன்னாடை போத்த ஒம்பது பேர் நிக்கினம். ஒருத்தரையும் வெட்டேலாது."

"ஒம்பதையும் போத்தினா கிற்றாரை நான் எங்க கொழுவுறது யூஜினி?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் அன்று அரை மணித்தியாலம் வாசிக்கப்போவதாக அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்குப் பயம் வந்தது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அறுநூறு பேரிடம் அறுநூறு போன் இருக்கும். ஒருவர் கடைசியாக வாசித்ததைத்தான் சனம் நினைவில் வைத்திருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு இரவுகளையும் அந்த அரை மணித்தியாலம் விழுங்கிவிடும். நித்திரையில்லாமல் கிடந்து அந்தப் பிழைகளை முன்கூட்டியே எண்ணினேன்.

அவரிடம் சொன்னேன்.

"ஒஷாவா ரெக்கோட்டைப் போடுவம் அண்ணை. நீங்கள் சும்மா முன்னுக்கு இருங்கோ."

"சும்மா இருக்க அது என்ன என்ர செத்தவீடே?"

"பிழைகள் வரும் அண்ணை."

"வரட்டும். எல்லாம் சரியா வந்தவனுக்கு என்னத்துக்கடா புளூஸ்?"

ஜனவரி பதினோராம் திகதி ஒரு ஒத்திகை முடிந்து வந்துகொண்டிருந்தோம். அவர் வானில் ஏறும்போது இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடிப்பார். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் ஏறுவார். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். அவருடைய கை அங்கே இருந்தது. மூன்று விரல் உடைந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆறு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன். சூப் வாங்கிப் பருக்கினேன். எப்படி நடந்தது என்று நேர்ஸ் கேட்டாள். தான் கையைப் பிழையான இடத்தில் வைத்துவிட்டதாக அவர் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் வானில் பின்சீற்றில் இருக்கத் தொடங்கினார். நான் கதவிலிருந்து கையை எடுக்கும்வரை இரண்டு கையையும் ஜக்கெற்றுக்குள் வைத்திருப்பார். குளிர் என்று நினைத்தேன். நான் சமைத்துக் கொண்டுபோனதை நான் முதல் வாய் வைக்கும்வரை தொடமாட்டார். வயது போனவர்கள் குழந்தைகளைப் போலத்தான். ஒருநாள் அவருடைய அப்பார்ட்மென்ற் கதவுக்குப் புதிய பூட்டு மாட்டியிருந்தது. என்னிடம் இருந்த திறப்பு பொருந்தவில்லை. உள்ளே அவர் மூச்சுவிடுவது கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

விழாவில் ஒஷாவா ரெக்கோட் போடுவதாக முடிவானது. அதற்குப் பிறகு மூன்று கிழமை நன்றாக நித்திரை கொண்டேன்.

பெப்ரவரியில் யூஜினி அன்ரியின் வீட்டுக் கூட்டத்துக்கு அவர் கிற்றாரோடு வந்தார். நான் கூட்டிவரவில்லை, பஸ்ஸில் வந்தார். சின்னவிரல் மட்டும் தப்பியிருந்தது. அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, கிற்றாரை மடியில் வைத்து, தந்திகளின் மேல் இழுத்தார். ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது போன்ற சத்தம்.

நான் போனில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து பிழைகளை எண்ணப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு சுரத்துக்கும் மற்றச் சுரத்துக்கும் நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். எது சரியான இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிட்டையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். முதல் தடவை.

அன்று யூஜினி அன்ரி கண்ணைத் துடைத்தபடி கேட்டார். "இவ்வளவு காலமும் இதை எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள் அண்ணை?"

"யோசப்பைக் கேளுங்கோ," என்றார் அவர்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விழாவில் அவரே வாசிப்பதாக மாற்றினார்கள். வாசிக்க முன்னர் ஐந்து நிமிடம் பேசவும் கேட்டார்கள். என்ன பேசப்போகிறீர்கள் என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். யோசிக்கவில்லை என்றார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இது விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

மார்ச் முதலாம் திகதி, சனிக்கிழமை. காலையில் அவருடைய மகள் ஷாமிலா ஒஷாவாவிலிருந்து போன் எடுத்தாள்.

"அங்கிள், அப்பா இனி என்னோட வந்து இருக்கப்போறாராம். இண்டைக்கே வரச்சொல்லி நிக்கிறார். உங்களிட்ட இருக்கிற அம்பிளிஃபயரை எடுத்துக்கொண்டு நிப்பாராம். பன்னிரண்டு மணிக்கு உங்கட வீட்டடிக்கு வாறன்."

"ஓம் பிள்ளை."

"உங்களோட ஏதும் கோவமோ? பேரைச் சொன்னாலே கதையை மாத்துறார்."

"கோவமோ? எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை."

பத்தரைக்கு அவர் வந்தார். அம்பிளிஃபயர் என் கராஜில் வானுக்கு முன்னால் இருந்தது. அவர் வீட்டுக்குள் வரவில்லை. கராஜ் கதவடியில் நின்றார்.

"தூக்கி வெளியில வைச்சுவிடு. ஷாமிலா வருவாள்."

"ஒருக்கா வாசியுங்கோ அண்ணை. சவுண்ட் பாக்காமல் எப்பிடி மேடையில விடுறது? பத்து நிமிசம்."

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு கிற்றாரைப் பார்த்தார். வாசிக்கச் சொன்னால் மறுக்கத் தெரியாத மனிதர். வந்து இருந்தார்.

"கதவு திறந்தபடி இருக்கட்டும்."

"குளிருக்குத் தந்தி இறங்கிப்போகும் அண்ணை."

அது உண்மை. அவருக்கும் தெரியும். மைக்கை வைத்தேன், கதவை இறக்கினேன். கதவின் மோட்டர் பழுது என்று உங்களுக்கு முதலில் சொன்னது பொய். நான்தான் வயரைக் கழற்றினேன். உடைந்த கையோடு எழுபத்தாறு வயது மனிதர் அந்தக் கதவைத் தூக்கமுடியாது. வீட்டுக்குள் வரும் கதவை என் பக்கத்திலிருந்து பூட்டினேன். சமையலறைக்குப் போய் ரிமோட்டை அமத்தினேன். பிறகு பேஸ்மென்றுக்கு இறங்கி ஹெட்போனை மாட்டினேன்.

நாலு நிமிடம் வாசித்தார். அப்படி அவர் என்றைக்கும் வாசித்ததில்லை. வானின் இரைச்சல் அடியில் இருந்தது. அதைப் பிறகு வடிகட்டி எடுத்தேன். இரைச்சலை எடுப்பது அழிப்பதல்ல. அது என் தொழில்.

பிறகு நிறுத்தினார்.

"யோசப். வான் ஓடுது."

கொஞ்ச நேரம் கழித்து, "யோசப்."

பிறகு கதவில் தட்டினார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தத் தட்டலிலும் தாளம் பிசகவில்லை. பிறகு இருமல். பிறகு காலை இழுத்துக்கொண்டு மைக்குக்குத் திரும்பி வந்தார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடமாக நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

எல்லாம் அடங்கிய பிறகு, புகை போகக் கதவுகளைத் திறந்து காற்றை விட்டேன். யூஜினி அன்ரி என்னிடம் தந்து வைத்திருந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து அவருடைய தோளில் போர்த்தினேன். சிட்டை எழுதினேன். பன்னிரண்டு மணிக்கு ஷாமிலா மணி அடித்தாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் பாதி குடித்த பிறகுதான் சொன்னேன்.

நான் செய்தது இவ்வளவும். அவருடைய பெயருக்காகச் செய்தேன். எனக்கென்று ஒன்றும் இல்லை. விழாவில் போடுவதென்றால் முதல் நாலு நிமிடம் போதும் என்று யூஜினி அன்ரியிடம் சொல்லுங்கள்.

அந்த ஒன்பது வினாடி. அவர் மைக்குக்குக் கிட்ட வந்து, மெதுவாகச் சொன்னார்: "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையடா. ஷாமிலாவுக்கும் சொல்லேல்லை. மேடையிலயும் சொல்லமாட்டன். கதவைத் திற."

எதைச் சொல்லமாட்டேன் என்றார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றைக் கேட்டுச் சனம் குழம்பக்கூடாது என்பதற்காக எடுத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் நான் அழித்தது அது ஒன்றைத்தான்.