உள்ளால பூட்டின வீடு

"ஹலோ... ஹலோ! ஆர், மில்ரனோ? ஐயோ என்ர மாதாவே! தம்பி, வைக்காதேங்கோ. என்ன வேலை எண்டாலும் வைக்காதேங்கோ... ஓம், ஓம், சுகம். எல்லாரும் சுகம்... இல்லை, சுகமில்லை! கேளுங்கோ. நான் உங்கட வீட்டுக்குள்ள நிக்கிறன்... உங்கட வீடுதான், ஓம். வெளியில போகேலாம மாட்டுப்பட்டுப் போனன்."

அஞ்சலாவின் ஒரு கையில் போன், மறு கையில் பாதித் திறப்பு. மற்றப் பாதி முன்கதவுப் பூட்டுக்குள் முறிந்து கிடந்தது. பிரான்சிலிருந்து மில்ரன் எடுத்தால் அவள் வழக்கமாக நாலு தரம் அடிக்க விட்டுத்தான் எடுப்பாள். எடுத்தவுடன் வீடு, வளவு, வேலி என்று அவன் விசாரணை வைப்பான். இன்றைக்கு முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்துவிட்டாள். அவளுடைய போனில் காசு முடிந்துபோயிருந்தது. வருகிற அழைப்பு வரும், இங்கிருந்து ஒருவருக்கும் எடுக்க முடியாது. மில்ரன் வைத்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது.

"திறப்பு முறிஞ்சிட்டுது தம்பி... உப்புக்காத்துக்கு எந்த இரும்பு தாங்கும்?... ஏன் உள்ளால பூட்டினனானோ? கழுதையள்! மறந்திட்டியளோ எங்கட ஊரை? உங்கட விறாந்தையில இப்ப அதுகள்தான் குடியிருக்குது. கதவு கொஞ்சம் நீக்கலாக் கிடந்தாக் காணும், தலையை விட்டிடும். ஒண்டு குசினி வரைக்கும் வந்து நிண்டது. அதை வெளியில எடுக்க நான் பட்ட பாடு!... ஓம், ஓம், என்ர பிழைதான். சிரிக்காதேங்கோ... பல்ப் மாத்த வந்தனான். படத்துக்கு முன்னால எரியிற மாமியின்ர விளக்கு பத்திறதும் நூருறதுமா நிண்டது. போக முதல் புதுசைப் போட்டிட்டுப் போவம் எண்டு வந்தன்... எங்கையோ? முருங்கன் ஆஸ்பத்திரிக்கு. டினோஜாவுக்கு நோவு தொடங்கிட்டுது."

டினோஜா அஞ்சலாவுக்கு ஒரே மகள், இது டினோஜாவுக்குத் தலைப்பிள்ளை. துணிப்பை அஞ்சலாவின் வீட்டு வாசலில் கட்டி வைத்தபடி கிடக்கிறது.

"தலைப்பிள்ளை, ஓம்... மருமகன் நிக்கிறார்தான். ஆம்பிளை, வாசலில நிண்டு நகத்தைக் கடிக்கிறதைவிட என்ன செய்யிறது? அவருக்குத் தாயும் இல்லை. 'அம்மா வந்திட்டாவோ, அம்மா வந்திட்டாவோ' எண்டு கேட்டுக்கொண்டே பிள்ளை உள்ள போனவளாம். கடைசி பஸ் இப்ப வந்திடும் தம்பி... பின்கதவோ? பின்கதவை அடைக்கச் சொன்னது ஆர்? நீங்கள்தானே, கள்ளர் வந்த நேரம்! எங்கட இவர் பலகை வச்சு ஆணி அடிச்சவர். அவற்ர வேலை தெரியும்தானே, புயல் வந்தாலும் அசையாது... அவர் நேற்றே கடலுக்குப் போயிட்டார், எடுத்தாலும் கிடைக்காது... ஜன்னல் எல்லாம் கம்பி. நான் என்ன, பல்லியோ?"

மில்ரன் தன்னுடைய மனைவியின் போனிலிருந்து ஊருக்கு எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னான். அஞ்சலா ஒவ்வொரு நம்பராகச் சொன்னாள்.

"யசிந்தாவுக்கு எடுத்துப் பாத்தியளோ?... நிப்பாட்டியிருக்கோ. ஓம், இண்டைக்கு நவநாள். பெண்டுகள் எல்லாம் கோயிலில. சுவாமி போனைக் கண்டாரெண்டா பீடத்தில நிண்டே ஏசுவார்... பஸ்ரியன் அண்ணையோ? அவர் கடலுக்குப் போகேக்க போனை வீட்டில வச்சிட்டுத்தான் போறவர்... வேற ஆர் தம்பி? உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லையோ? இந்த ஊர் முழுக்க உங்களிட்ட இருக்கிறது என்ர நம்பர் மட்டும்தானோ?"

இந்த வீட்டைப் பார்க்கச் சொல்லி அவளை ஒருவரும் வேலைக்கு வைக்கவில்லை. மில்ரனின் தாய் அன்ரோனெற் சாகக் கிடந்த நேரம், திறப்பை இவளுடைய கைக்குள் பொத்தி, "விளக்கு நிக்கக்கூடாது பிள்ளை" என்றாள். சாகக் கிடக்கிறவளிடம் மாட்டேன் என்று சொல்ல எந்த மனிசிக்கு வாய் வரும்? "ஓம் மாமி" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு ஓமுக்காக இன்றுவரை இழுபடுகிறாள். கூரை ஒழுகுகிறது, வேலி சரிகிறது, கிணற்றில் நுளம்பு பெருகுகிறது, சுகாதாரப் பரிசோதகர் வந்தால் இவளைத்தான் ஏசுகிறார். மகளுடைய கலியாணத்துக்குப் பிறகு முருங்கனில் அவளோடு போய் ஒரு கிழமை நிம்மதியாகத் தங்கியிருக்கிறாளா என்றால், இல்லை.

"பொறுங்கோ, பொறுங்கோ! பஸ்ரியன் அண்ணை வாறார்! அண்ணை! பஸ்ரியன் அண்ணை! இஞ்ச! இஞ்ச பாருங்கோ!"

சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய குரல் ஜன்னல் கம்பியைத் தாண்டியதோ என்னவோ. பஸ்ரியன் தோளில் வலையோடு ஒழுங்கையில் நின்று, வீட்டுக்குள்ளே திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிந்த குட்டி பல்பைப் பார்த்துச் சிலுவை போட்டார். மைமல் இருட்டில் ஒரு பெண்ணின் உருவம் தெரிய, ஒரு கையை உயர்த்திச் சிரித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தார். வீட்டில் விளக்கு எரிகிறது, ஆள் நிற்கிறது, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

"போயிட்டார்... ஓம், கண்டவர். உங்கட ஆக்கள் வந்திட்டினம் எண்டு நினைச்சிட்டாராக்கும். கையைக் காட்டிப்போட்டுப் போறார்!... அழேல்லை. நான் ஏன் அழுறன்?... எல்லாரும் அப்பிடித்தான் தம்பி. மாமியின்ர விளக்கைப் பாத்துச் சிலுவை போடாம ஒருத்தரும் கடலுக்கு இறங்கமாட்டாங்கள். உங்கட ஐயா கடலோட போன நாளில இருந்து அப்பிடித்தான். ஒருக்கா பல்ப் எரிஞ்சுபோய் நிண்ட நேரம், ஒரு வள்ளமும் இறங்கேல்லை. எல்லாரும் வந்து வாசலில நிண்டு என்னைக் கூப்பிட்டு..."

அஞ்சலா பேச்சை விட்டுவிட்டு விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹலோ... ஓம், நிக்கிறன். ஒண்டுமில்லை... தம்பி, நான் விளக்கை நிப்பாட்டப் போறன்... ஓம், நிப்பாட்டத்தான். நிண்டா வருவாங்கள். வந்து கதவை உடைக்கட்டும்... தேக்குக் கதவோ? ஐயா கொண்டந்த தேக்கு, தெரியும். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு... அம்மாவுக்குச் சொன்ன சொல்லோ?"

அதுவரை 'நீங்கள்' போட்டுப் பேசியவளுக்கு அந்தக் கேள்வியோடு மரியாதை பறந்துபோனது.

"டேய் மில்ரன். உன்னை இடுப்பில வச்சுச் சோறு தீத்தினவள் நான். என்னட்டச் சொல் கேக்கிறியோ? கொம்மா செத்த வீட்டுக்கு நீ வந்தனியோ?... விசா இல்லை, ஓம். தெரியும், நான் குறை சொல்லேல்லை. பிறகு கிடைச்சதுதானே? கிடைச்சு, ஸ்பெயின் கடற்கரையில குடும்பமா நிண்டு படம் எடுத்துப் போட்டனிதானே? எங்கட கடலுக்கு என்ன குறை?... அழாத. நீ அழுதா நான் என்ன செய்யிறது? எனக்கு மட்டும் நெஞ்சு நோகேல்லையோ?... மாமி கோவிக்கமாட்டா. அவவும் பிள்ளை பெத்தவதான். என்ர பிள்ளை அங்க கத்துறாள் மில்ரன்."

சுவிச்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். விரல் கேட்கவில்லை. "மாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி அழுத்தினாள். வீடு இருண்டது. விறாந்தையில் ஒரு கழுதை உடம்பை உதறிக்கொண்டது.

"நிப்பாட்டிட்டன்... இல்லை, இன்னும் ஒருத்தரையும் காணேல்லை... ஓம்... ஓம்... கதைச்சுக்கொண்டிரு, சும்மா எண்டாலும் கதை... பொறு. டோர்ச் வெளிச்சம் தெரியுது. ஒண்டில்லை, நிறைய. ஓடி வாறாங்கள்!... அண்ணை! நான் அஞ்சலா! வீட்டுக்காரர் இல்லை, நான்! திறப்பு முறிஞ்சுபோச்சு! கதவை நெம்ப அலவாங்கு கொண்டு வாங்கோ!... உனக்குச் சொல்லேல்லை மில்ரன், அவையளுக்கு... கேக்குதோ? ஓம், அந்தச் சத்தம்தான். உன்ர தேக்கு."

கதவு பிளந்தது. கழுதைகள் ஒழுங்கை வழியே சிதறி ஓடின. பஸ்ரியன் அலவாங்கோடு வாசலில் நின்று, அவளைப் பார்க்காமல் இருண்டு கிடந்த படத்தையே பார்த்தார். அவருக்குப் பின்னால் கடலுக்குப் போகப் புறப்பட்டவர்கள் எல்லாம் நின்றார்கள். அஞ்சலா பாதித் திறப்பை அவருடைய கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

"வெளியில வந்திட்டன்... ஓம், ஓம், ஓடுறன். பஸ்ஸின்ர வெளிச்சம் தெரியுது... விளக்கோ? ஆர் போடுறதோ? பஸ்ரியன் அண்ணையும் அதைத்தான் கேட்டவர். வீட்டுக்காரன் வந்து போடுவான் எண்டு சொல்லிப்போட்டன்... எப்பவோ? அதை நீ சொல்லு. வள்ளம் எல்லாம் கரையில நிக்குது மில்ரன். எல்லாரும் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்... இல்லை, நான் வைக்கிறன்."