ஓடிப்போகாதவர்களைத் தேடிய அர்ச்சுனன் ஐயா

மேடையில் இருக்கும் பெரியவர்களே, ஐயாவின் குடும்பத்தாரே, ஈப்போவிலிருந்தும் பழைய தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் துளசியின் வணக்கம். மூன்றாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போனவள் நான். பேச்சு தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தபால்காரர் அர்ச்சுனன் ஐயா! ஆள் இல்லை என்று திரும்பிய கடிதத்துக்குக்கூட வருத்தப்பட்டவர். ஓய்வு பெற்றபின் கடிதம் இல்லாமலேயே ஆட்களைத் தேடிப் போனார். போன வாரம் அவரையே கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

நான் வயிற்றில் இருந்தபோது என் அப்பா சீனி காணாமல் போனார். 'ஓடிப்போனவன் மகள்' என்றுதான் தோட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா காத்திருந்தார். பொட்டை அழிக்காமலேயே செத்தும் போனார்.

ஐயா எங்கள் தோட்டத்து ஆட்களின் பழைய பேர்ப் புத்தகத்தின் நகலோடு வந்தார்.

"அக்கா, ஒரே நாள்ல மூணு பேரு ஓடிட்டாங்கன்னு எழுதியிருக்கு. சேர்ந்தா ஓடுவாங்க? அன்னைக்குத்தான்லா ரப்பர் காயவைக்கிற புகைக்கூடம் எரிஞ்சிருக்கு."

எங்கள் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் தெலுக் இந்தானில் போய் இருந்த வீரம்மா பாட்டியிடம் நான்கு முறை போனார். நான்காம் முறைதான் பாட்டி வாய் திறந்தார்.

"தீயில செத்த மூணு பேருக்கும் எங்க வீட்டுக்காரருதான்யா குழி வெட்டுனாரு. வெளிய சொன்னா வீட்ட விட்டு எறக்கிருவோம்னு தோட்டத்து ஆபீசுல சொன்னாங்க. கல்பாலத்துலேருந்து ஏழாவது நெரை, நாப்பதாவது மரம்."

போனோம். பனி இறங்கியிருந்தது. ரப்பர் எங்கே? எல்லாம் செம்பனை. நானும் மரத்தை எண்ணிக்கொண்டே போகிறேன், போகிறேன், ஆற்றங்கரையே வந்துவிட்டது.

"அக்கா, ஆத்துல எறங்கிடாதீங்க! நீங்க எண்றது செம்பனை. பாட்டி சொன்னது ரப்பர். செம்பனைய ரொம்பத் தள்ளித்தானே நடுவாங்க? கண்ண மூடிட்டு நடங்க. காலு சொல்லும்லா."

பாலத்துக்குத் திரும்பி வந்து கண்ணை மூடினேன். என்ன அதிசயம்! செம்பனை எல்லாம் கரைந்து ரப்பர் மரங்கள் எழுந்து நின்றன. இருபது வருஷம் பால் வெட்டி நடந்த கால், மரத்துக்கு மரம் தானாக நின்று நின்று போனது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. ஐயா மண்ணைக் கையாலேயே தள்ளினார். உள்ளே பால் வடிக்கிற மங்குகள் மூன்று, கவிழ்த்தபடி.

காலைப் பெரட்டில் கிராணி பேர் படித்து ஆள் கணக்கெடுப்பதுபோல ஐயா கூப்பிட்டார்: "சீனி!"

பனிதான் அசைந்தது.

"நீங்க சொல்லணும்க்கா."

சொன்னேன். "இருக்காரு."

அப்பா எங்கேயும் ஓடவில்லை! என் மகன் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் இவனும் ஓடிவிடுவானோ என்று வாசலிலேயே நிற்பேன். இப்போது நிற்பதில்லை. எழுபது வருஷத்துப் பயத்தை வேறு யாரால் எடுக்க முடிந்தது?

ஐயாவின் நோட்டில் 'ஓடிவிட்டார்' என்று இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். எனக்குச் சரியாகப் படிக்க வராது. யாராவது பெயரைப் படித்துச் சொல்லுங்கள், நான் நடக்கிறேன். கால் இருக்கிறவரை நடப்பேன்.

இப்போது ஒரு பெயரைக் கூப்பிடப் போகிறேன். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அர்ச்சுனன்!