புற்றுக்குக் கட்டிய மணி

மழை பெய்த மறுநாள் காலையில் வீட்டைப் பெருக்கும்போது ஈசல் இறகு கிடந்தால் உடனே வாரிக் கொட்டிவிடக் கூடாது சார். கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்த ஈசல் என்றால் இறகு சன்னல் ஓரமாகச் சிதறிக் கிடக்கும். கதவு நிலைக்குக் கீழேயோ சுவர் மூலையிலோ குவியலாகக் கிடந்தால், அது விருந்துக்கு வந்தது இல்லை. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது.

அடுத்தது சுவர். தரையிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு மேலே ஏறும். பெயிண்ட் காரணமில்லாமல் கொப்புளிக்கும். வெயில் நாளிலும் கதவு இறுக்கும். இவ்வளவும் தெரிந்த பிறகு மரத்தைத் தட்டிப் பார்ப்பது வெறும் மரியாதைக்குத்தான். இந்த ஸ்டேஷனிலேயே, உங்கள் பின்னால் இருக்கிற பீரோவை ஒட்டியும் ஒரு கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆள் வைத்துப் பாருங்கள். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் நான், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் வரதன். தங்கச் சுரங்கம் மூடும் வரைக்கும் டிம்பர்மேன். பூமிக்கு அடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. ஆளை இறக்குகிற கேஜ் என்கிற கூண்டை விட்டு இறங்கியதும் சுத்தியால் ஒவ்வொரு மரமாகத் தட்டிக்கொண்டு போவோம். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். கெட்ட மரம் தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். நான் முட்டுக் கொடுத்த இடத்தில் ஒருத்தனும் செத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்லதை யாரும் எழுதுவதில்லை.

பாலகாட்டில், சுரங்க ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைனில், எங்கள் வீடு அப்பா வைத்துவிட்டுப் போனது. நடுவில் ஒரு சுவர் வைத்து நானும் என் தம்பி நாகேஷும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். மேலே உத்தரம் மட்டும் ஒன்றுதான். என் பக்கத்தில் தொடங்கி, சுவர் மேல் உட்கார்ந்து, அவன் பக்கம் போய் முடியும். நாகேஷ் நெஞ்சு வலியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அவன் மனைவி குணசுந்தரி ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கடைக்குத் தையல் வேலை செய்துகொண்டு அந்தப் பாதியிலேயே இருந்தாள். நல்ல பெண். என் மனைவி காலமானதிலிருந்து எனக்கும் என் மகன் பிரதாப்புக்கும் தினமும் குழம்பு அவள் வீட்டிலிருந்துதான் வரும். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பிரதாப் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வருகிறவன். அவனுக்கு ஒரு இடம் வந்தது. பெண்ணின் தகப்பனார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாதி வீட்டுக்கு நானும் பாதிப் பெண்ணைத்தான் தர முடியும் என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த சம்பந்தம் சிரிப்போடு போய்விட்டது.

குணசுந்தரியிடம் நான் அன்பாகத்தான் பேசினேன். பங்காருபேட்டையில் உன் தங்கை வாணி இருக்கிறாளே, அங்கே போய் இருந்தால் உனக்கும் துணையாக இருக்குமே என்றேன்.

"அவரு உயிரு போன எடம் மாமா இது. இத்த வுட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். கோபித்துக்கொள்ளக்கூட வழி வைக்காத பெண் சார் அவள்.

போன வருஷ மழைக்காலத்தில் அவளே வந்து கூப்பிட்டாள். "இன்னா மாமா, செவுத்துல மண்ணு கோடு மாதிரி ஏறிக்கினு கீது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். கோடு உத்தரத்தில் போய் முடிந்தது. ஸ்டூல் போட்டு ஏறி விரல் முட்டியால் தட்டினேன். மரம் பதிலே சொல்லவில்லை. சாவியை வைத்து அழுத்தினால் ரஸ்க்கில் போகிற மாதிரி உள்ளே போயிற்று. கீழே இறங்கினேன். மூலையில் தேங்காய் அளவுக்கு மண் குமிந்து ஒரு புற்று. மருந்து அடிக்கிறவனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

அவள் சாமி மாடத்திலிருந்தே கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் எடுத்து அந்தப் புற்றின் மேல் வைத்தேன். கை கூப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. "அம்மனா மாமா?" என்று கேட்டது அவள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பக்திக்குக் குறைவில்லை. தினமும் பால், மஞ்சள் தண்ணீர், பூ. அவள் வேலைக்குப் போன நேரத்தில் நானும் போய் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். ஈரம் இருந்தால் கரையான் நன்றாக இருக்கும். தேங்காய் அளவு இருந்த அம்மன் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தாள். வெள்ளிக்கிழமையானால் லைனில் இருக்கிற பெண்கள் நாலைந்து பேர் பாட்டுப் பாட வந்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு லூயிசா மட்டும்தான் அடங்கவில்லை. "அது கரையான்டி குணா. சாமி வர்றதுன்னா வாசப்படி வழியா வரும். நெலக்கதவத் தின்னுக்கினா வரும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். பெண்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நான் கோபப்படவில்லை. அவங்க வேதம் வேற, நம்ம பக்குவம் அவங்களுக்கு வராதும்மா, மன்னிச்சிடு என்று குணசுந்தரியிடம் தனியாகச் சொன்னேன். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. கிறிஸ்துமஸ் கேக்குகூட வரவில்லை.

லூயிசா விடாமல் தன் செலவில் ஒரு மருந்துக்காரனை அனுப்பி வைத்தாள். முதுகில் டப்பாவோடு வந்து நின்றான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, அம்மன் தலையில மருந்து அடிக்கிற கை வெளங்குமாப்பா என்று மட்டும் கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். இந்தக் காலத்திலும் நாலு நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆடி பிறந்ததும் என் பங்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பழைய இரும்புக் கடையில் ஒரு பெரிய மணி கிடைத்தது. தூக்கி வர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதைப் புற்றுக்கு நேர் மேலே உத்தரத்தில் கட்டிக் கொடுத்தேன். கொக்கி அடிக்கவில்லை. அடித்தால் அந்த மரத்தில் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். சங்கிலியை உத்தரத்தைச் சுற்றிப் போட்டு, இழுப்பதற்கு ஒரு கயிறும் விட்டேன். குணசுந்தரி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நம்ம வூட்டுக்காரரு இருந்திருந்தாகூட இப்டி செஞ்சிருக்க மாட்டாரு மாமா" என்றாள். அதில் உண்மை இருக்கிறது. நாகேஷுக்கு இந்த மாதிரி யோசனைகள் வராது.

பூசைக்கு எல்லாரும் வருகிற வெள்ளிக்கிழமைதான் மணியை முதலில் அடிக்க வேண்டும், அதுவரைக்கும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அவள் தொடவில்லை. சொன்ன பேச்சைத் தட்டாதவள்.

என் பக்கத்தில் உத்தரத்துக்கு அடியில் ஒரு மரம் முட்டுக் கொடுத்து நிற்கிறதே, அது எப்போது வைத்தது என்று கேட்டீர்கள். மணி கட்டிய மறுநாள். ஒழுங்காக ஆப்பு அடித்து வைத்திருக்கிறேன், நீங்களே பார்த்தீர்கள். வீட்டில் பிரதாப் தூங்குகிறான். பெற்றவனுக்குக் கவலை இருக்காதா.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் வாசலில் நின்றேன். பெண்கள் தட்டும் பூவுமாக வந்தார்கள். அடுத்த லைனில் ஒரு சாவு விழுந்திருக்கிறது, தீட்டோடு அம்மன் முன்னால் நிற்க வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சாவு எதுவும் விழவில்லை. அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். அவர்கள் குடும்பங்களுக்காகச் சொன்னேன். லூயிசாவைக்கூட, துணி காயப்போட அந்தப் பக்கம் வந்தவளை, கொடியை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஒரு உயிர் அநியாயமாகப் போகக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

உள்ளே குணசுந்தரி, யாரும் வரலியா மாமா என்று கேட்டாள். வருவாங்க, நீ கற்பூரம் ஏத்தி மணி அடிம்மா, சத்தம் கேட்டால் வந்துடுவாங்க என்றேன். மூன்று முறை அடித்தாள். நல்ல மணி. கணீரென்றுதான் இருந்தது. நாலாவது முறை உத்தரமும் ஓடுமாக அவள் தலைமேல் வந்தது. என் பக்கம் ஒரு ஓடு நகரவில்லை. வேலை தெரிந்தவன் வைத்த முட்டு.

இத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாயே, அவளையும் ஒரு வார்த்தை சொல்லி வெளியே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். எப்படிக் கூப்பிடுவது சார். அது அவள் வீடு. அவள் வீட்டிலிருந்து அவளை வெளியே வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது.