ஒன்பதுக்குள் இருந்த எட்டு

மின்தடை அறிவிப்பை நான் ஒருநாளும் படிக்காமல் விட்டதில்லை, சார். பிளக்ஸ் அடிக்கிறவனுக்கு அதுதான் பஞ்சாங்கம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் கரண்டு வரும். கல்யாண பேனர் என்றால் முன்னாலேயே அடித்து வைக்கலாம். சாவுதான் சொல்லாமல் வரும். பிணம் வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் கண்ணீர் அஞ்சலி கட்டியிருக்க வேண்டும். அந்த விஷயத்தில் இந்த இசக்கித்துரை பிந்திவிட்டான் என்று சங்கரன்கோவிலில் யாரும் சொன்னதில்லை.

நீங்கள் காசைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். அதையே முதலில் சொல்கிறேன்.

ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாயில் 1938 எங்கும் கிடைக்கும். 1939 அபூர்வம். அதனால் முப்பத்தெட்டின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பார்கள். எட்டின் அடிவட்டத்தில் இடப்பக்க வளைவை எடுத்துவிட்டால் போதும், பார்க்கிறவன் ஏமாந்துபோவான். நான் ஏமாற மாட்டேன். இரண்டு காசையும் படம் பிடித்து, ஒரே அளவாக்கி, ஒன்றை மங்கலாக்கி மற்றதன் மேல் வைப்பேன். எண்மேல் எண் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் போலி. எங்கள் பழங்காசு வாட்ஸ்அப் குரூப்பில் நான் ‘உட்காரவில்லை’ என்று போட்டுவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. ஒப்பிட ஓர் அசல் வேண்டுமல்லவா? அது என்னிடமிருந்த 1939. குரூப்பில் அதற்கு ‘மாஸ்டர் காசு’ என்று பெயர்.

பெத்துராஜ் திருவேங்கடத்தில் உரக்கடை வைத்திருந்தார். என்னைவிட இளையவர், நல்ல மனிதர். வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் என் கடையில்தான் இருப்பார். ஒருநாள் வந்தவர் உட்காரவே இல்லை. செல்போனை நீட்டினார்.

“அண்ணாச்சி, நம்ம மாஸ்டர் காசு மேல ஒரு முப்பத்தெட்ட வச்சுப் பாத்தேன். ஒக்காந்துட்டு. ஒம்போது அப்படியே எட்டுக்குள்ள ஒக்காந்துட்டு.”

நான் வாங்கிப் பார்த்தேன். சுத்தமான வேலை. அசல் ஒன்பதின் மேல்வட்டம் எட்டின் மேல்வட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும், சார். இதில் மயிரிழைகூட வித்தியாசமில்லை. எல்லாருடைய காசையும் மாஸ்டர் காசோடு வைத்துப் பார்த்தார்களே தவிர, மாஸ்டர் காசை எதனோடும் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

“அப்போ அந்த ராயகிரி அம்மா கொண்டு வந்தது அசல்தானே அண்ணாச்சி?” என்றார்.

ஆவுடையம்மாளைச் சொன்னார். மகளுடைய ஆபரேஷனுக்காக மாமனார் வைத்திருந்த 1939-ஐ விற்க வந்தவள். என் காசோடு அது உட்காரவில்லை. போலி என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வெள்ளி விலைக்கு ஆசாரியிடம் போட்டாள், அவர் உருக்கிவிட்டார். அந்த மகள் பிழைக்கவில்லை. அவள் பிழைக்காததற்குக் காசு மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

“இது வேற யாருக்கும் தெரியுமா வே?” என்று கேட்டேன்.

“நான் ஒருத்தன்தான் பாத்தேன். வார ஞாயித்துக்கிழம நீங்களே குரூப்புல சொல்லிருங்க. நான் சொன்னா உங்களுக்குக் கொறச்சலு. தெரியாமத்தானே நடந்துது?”

தெரியாமல் நடக்கவில்லை. அந்தக் காசை வாங்கிய வருஷமே முப்பத்தெட்டை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு அந்தப் படத்தை அழித்தேன். அதற்குள் குரூப்பில் என் சொல்லை நம்பி எத்தனையோ பேர் வாங்கி விற்றிருந்தார்கள். இனிமேல் சொன்னால் அவர்கள் கதி என்ன? ஒரு மனிதனுடைய வாய்க்காக அத்தனை பேருடைய நம்பிக்கையைக் கெடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. பயமும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

எட்டாம் தேதி சாயங்காலம் என்று வைத்துக்கொண்டேன். இளையரசனேந்தல் பக்கம் ஒரு புஞ்சையில் உழும்போது ஒருவனுக்குப் பழைய காசு கிடைத்திருக்கிறது, கிணற்றடிக்கு வரச் சொல்கிறான் என்றேன். பெத்துராஜ் முகம் மலர்ந்துபோனது. காசு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

மறுநாள் ஒன்பதாம் தேதி மின்தடை. அதனால் எட்டாம் தேதி மத்தியானமே கண்ணீர் அஞ்சலியை அடித்துவிட்டேன். ஆறுக்கு நாலு அடி. போன பொங்கலுக்கு நானே எடுத்த படம், வெள்ளைச் சட்டை, லேசான சிரிப்பு. தோற்றம் 18.06.1969 என்று போட்டு, மறைவுக்கு எட்டாம் தேதியைப் போட்டேன். முடிந்தபிறகு உட்கார்ந்து செய்ய எனக்குக் கை ஓடாது. சிநேகிதனுடைய போஸ்டரை வேறொருவன் அரைகுறையாக அடித்து மாட்டுவதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மை காய விரித்துப் போட்டுவிட்டுத்தான் பைக்கை எடுத்தேன்.

கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு அது. “எங்கன அண்ணாச்சி?” என்று குனிந்தார். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். தண்ணீர் இல்லை, பாறைதான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, “அண்ணாச்சி, கால் ஒடிஞ்சிருச்சு, யாரையாவது கூப்பிடுங்க” என்றார். நான் தள்ளியது அவருக்குப் புரியவில்லை, தானே இடறிவிட்டதாக நினைத்திருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு கல்லைப் போட்டேன். சத்தம் நின்றது. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டேன்.

விடியும்போதே ஆடு மேய்க்கிறவர் பார்த்துவிட்டார். அப்போதும் மூச்சு இருந்திருக்கிறது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பாமலே பத்து மணிக்குப் போய்விட்டார் என்று அவருடைய மச்சான் போனில் அழுதான். “அண்ணாச்சி, போஸ்டர் நீங்கதான் பாத்துக்கிடணும்” என்றான். அன்றைக்குத் தேதி ஒன்பது. கரண்டு இல்லை. பிளக்ஸ் என் காலடியில் எட்டாம் தேதியோடு கிடந்தது.

ஐந்து மணிவரை காத்திருந்தால் புதிதாக அடித்திருக்கலாம். ஆனால் பிரேதப் பரிசோதனை முடித்து நான்கு மணிக்கே கொண்டுவந்துவிடுவோம் என்றார்கள். நான் பிந்தியதில்லை என்று சொன்னேனே. வெள்ளை ஸ்டிக்கரை வெட்டி எட்டின் அடிவட்டத்தில் இடப்பக்க வளைவை மூடினேன். ஒன்பது வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் குறை தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்போது வாசலில் நானே கட்டி முடித்திருந்தேன். அவர் மகள் சங்கரேஸ்வரி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, சார்.

மூன்றாம் நாள் சாம்பலுக்குப் பால் தெளிக்கிற காடாத்துக்குப் போயிருந்தபோது அவள் கேட்டாள்.

“அன்னைக்குத்தான் கரண்டே இல்லையே மாமா. போஸ்டர் எப்படி அடிச்சீங்க?”

“இன்வர்ட்டர்ல ஓட்டுனேன் மக்கா.”

“உங்க இன்வர்ட்டர் ரெண்டு லைட்டுக்கே மூச்சு வாங்கும்னு அப்பா சொல்லுவாகளே.”

அவள் செல்போனை எடுத்துப் போஸ்டரைப் படம் பிடித்தாள். அப்பா நினைவுக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

தோற்றத்தில் ஒரு எட்டும் இரண்டு ஒன்பதும் இருக்கின்றன அல்லவா? அந்த ஒன்பதை எடுத்து மறைவின் ஒன்பது மேல் வைத்திருக்கிறாள். உட்காரவில்லை. எட்டை எடுத்து வைத்திருக்கிறாள். உட்கார்ந்துவிட்டது. அப்புறம் போய் நகத்தால் ஸ்டிக்கரைக் கிள்ளியிருக்கிறாள். மாஸ்டர் காசின் மேல் முப்பத்தெட்டை வைத்துப் பார்த்ததும் அவள்தான் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெத்துராஜுக்கு அந்த வேலையெல்லாம் வராது, நான் யோசித்திருக்க வேண்டும். ‘நான் ஒருத்தன்தான் பாத்தேன்’ என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருஷம் பழகிவிட்டு என்னிடம் அவர் பொய் சொன்னது வருத்தமாக இருக்கிறது.

மற்றதெல்லாம் நீங்கள் எழுதியிருப்பது சரி. பெத்துராஜை நான்தான் தள்ளினேன், கல்லையும் நான்தான் போட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். போஸ்டரில் தவறான தேதி அச்சடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அடித்த தேதி சரிதான், சார். அவர்தான் ஒரு நாள் பிந்திவிட்டார்.